22.4 லிட்டர் எல்லா இடத்திலும் பொருந்தாது

“எந்தப் பொருளானாலும் 1 மோல் என்றால் 22.4 லிட்டர்தான், கண்ணை மூடிக்கொண்டு பெருக்குங்கள்” என்று வேதியியல் கணக்குக்குக் குறுக்குவழி சொல்வது தவறு. (மோல் என்பது ஒரு பொருளின் அளவை அதிலுள்ள துகள்களின் எண்ணிக்கையை வைத்துச் சொல்லும் அலகு.) தேர்வுக்குப் படிப்பவர்கள் இதை நம்பிவிடக் கூடாது.

முதலில், அந்த எண் வாயுக்களுக்கு மட்டும்தான். 1 மோல் நீர், திரவமாக இருந்தால் சுமார் 18 மில்லிலிட்டர், அவ்வளவுதான்! 2 லிட்டர் ஹைட்ரஜனும் 1 லிட்டர் ஆக்சிஜனும் சேர்ந்தால் 2 லிட்டர் நீராவி கிடைக்கும் என்பது சரி. ஆனால் மூன்றையும் ஒரே வெப்பநிலை, ஒரே அழுத்தத்தில் அளக்க வேண்டும், நீரும் ஆவியாகவே இருக்க வேண்டும்.

அப்புறம், வாயுவுக்கும் 22.4 என்பது 0 டிகிரி செல்சியஸ், 1 வளிமண்டல அழுத்தத்தில்தான். 25 டிகிரியில் அது சுமார் 24.5 லிட்டர். அழுத்தத்தை 1 பார் (வளிமண்டல அழுத்தத்தைவிடச் சற்றே குறைந்த அலகு) என்று எடுத்தால் 0 டிகிரியிலேயே 22.7 லிட்டர்.

10 கிராம் கால்சியம் கார்பனேட்டை முழுவதும் சிதைத்தால் 0.1 மோல் கார்பன் டை ஆக்சைடு வரும். இதில் மாற்றமே இல்லை. அதன் கனஅளவு மட்டும், 1 வளிமண்டல அழுத்தத்தில், 0 டிகிரியில் 2.24 லிட்டர், 25 டிகிரியில் 2.45 லிட்டர். கிட்டத்தட்ட 9 சதவீத வித்தியாசம், சின்னப் பிழை அல்ல. மோல் கணக்கை முடித்துவிட்டு, கேள்வியில் கொடுத்த வெப்பநிலையையும் அழுத்தத்தையும் PV = nRT என்ற வாயுச் சமன்பாட்டில் போடுங்கள் (P அழுத்தம், V கனஅளவு, n மோல் எண்ணிக்கை, R வாயு மாறிலி, T கெல்வினில் வெப்பநிலை).