அகலச் சாலையில்தான் வேகம் கூடுகிறது
சாலையை அகலப்படுத்தினால் விபத்து குறையும் என்று ஒரு கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. திருவையாறு பக்கம் எங்கள் ஊர்ச் சாலை வாய்க்கால் கரையோடு வளைந்து போகும். இருபுறமும் புளியமரம் நின்றவரை பஸ்கூட ஹாரன் அடித்து மெதுவாகத்தான் திரும்பும். மரங்களை வெட்டி, வளைவை நிமிர்த்தி, வழவழவென்று தார் போட்டார்கள். இப்போது அதே இடத்தில் பைக்குகள் பறக்கின்றன. 40 கிலோமீட்டர் வேகம் 60 ஆனால் மோதும் ஆற்றல் இரண்டேகால் மடங்கு. அறுவடையில் பாதிச் சாலையில் நெல் காயும்போது மட்டும் எல்லோரும் நிதானிக்கிறார்கள். நெல் காயவைப்பது சரி என்று சொல்லவில்லை, ஆனால் குறுகினால் கால் தானாக பிரேக்குக்குப் போகிறது. அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் வேகத்தடை கேட்டிருக்கிறார். அதைத் தாண்டியதும் மறுபடி முறுக்குவார்கள். பள்ளிக்கூட வாசலில் சாலையையே குறுக்கி, பிள்ளைகள் கடக்கும் இடத்தை மேடாக்கித் தர வேண்டும்.