வழியில் நிறுத்தியவர்கள்

சபையில் 'ஊழியம் செய்கிறேன்' என்று ஒருவர் சொன்னால் நாம் அடுத்துக் கேட்பது, 'எந்த ஊழியம்?' வாலிபர் கூட்டமா, ஓய்வுநாள் பள்ளியா, ஜெபக்குழுவா, பாடகர் குழுவா? எல்லாவற்றுக்கும் கிழமை உண்டு, நேரம் உண்டு, பொறுப்பாளர் உண்டு. தப்பே இல்லை. நானும் பல வருடமாக அப்படி ஒரு பொறுப்பில்தான் இருக்கிறேன்.

ஆனால் கொஞ்ச நாளாக, பைபிளில் இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் மாற்கு சுவிசேஷத்தை மெதுவாக வாசித்து வருகிறேன். மொத்தம் 16 அதிகாரம், நினைத்தால் ஒரே மாலையில் முடித்துவிடலாம். அவசரப்படாமல் வாசித்தபோதுதான் ஒன்று உறைத்தது. இயேசு கிளம்புவது ஒரு காரியத்துக்கு, நடப்பது பல நேரம் வேறொன்று. கப்பர்நகூமில் ஒரு வீட்டில் போதித்துக்கொண்டிருக்கிறார், நாலு பேர் கூரையைப் பிரித்து, கைகால் விளங்காத ஒரு திமிர்வாதக்காரனைப் படுக்கையோடு இறக்குகிறார்கள். கீழே இருந்தவர்கள் தலையில் மண் கொட்டியிருக்கும், பிரசங்கமும் அதோடு நின்றிருக்கும். (நம் ஆராதனை நடுவே ஒரு குழந்தை அழுதாலே எத்தனை தலை திரும்புகிறது!) சாப்பிடக்கூட நேரமில்லாத சீஷர்களை ஓய்வுக்காகத் தனி இடத்துக்குக் கூட்டிப்போகிறார், ஜனங்கள் ஓடிப்போய் அங்கே முந்திக்கொள்கிறார்கள். 5000 பேருக்கு அப்பம் கொடுத்தது அப்படி ஓய்வு கெட்டுப்போன அன்றுதான்.

இதிலெல்லாம் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது 5-ஆம் அதிகாரம். ஜெப ஆலயத் தலைவன் யவீரு காலில் விழுகிறான், மகள் சாகக் கிடக்கிறாள். இயேசு உடனே அவனோடு போகிறார். உண்மையிலேயே அவசரமான பயணம். அந்த நெரிசலில் 12 வருடமாகப் பெரும்பாடால், அதாவது நிற்காத உதிரப்போக்கால், அவதிப்பட்ட ஒரு பெண், பின்னால் வந்து வஸ்திரத்தைத் தொடுகிறாள். வைத்தியர்களிடம் கையிலிருந்ததையெல்லாம் கொடுத்துத் தீர்த்தவள். மோசேயின் சட்டமான நியாயப்பிரமாணத்தின்படி அவள் தொட்டது தீட்டு, அதனால்தான் ஒளிந்து வருகிறாள். தொட்டவுடன் குணமாகிவிட்டது. அப்படியே போயிருக்கலாம் இல்லையா? இயேசு நின்றுவிட்டார். தொட்டது யார் என்று கேட்கிறார். இத்தனை பேர் நெருக்கும்போது இது என்ன கேள்வி என்று சீஷர்களுக்கு. அவள் நடுங்கிக்கொண்டே வந்து நடந்ததையெல்லாம் சொல்கிறாள்.

'எல்லாவற்றையும் சொன்னாள்' என்பதை மாற்கு ஒரே வரியில் எழுதிவிட்டுப் போகிறார். 12 வருடக் கதை, எவ்வளவு நேரம் சொல்லியிருப்பாள்? பக்கத்தில் யவீரு நிற்கிறான். அந்த நிமிடங்கள் அவனுக்கு எப்படி இருந்திருக்கும்! அவன் மகளுக்கும் வயது 12. இயேசு முழுக்கக் கேட்டுவிட்டு அந்தப் பெண்ணை 'மகளே' என்கிறார். உடம்பு சரியானதோடு அவளுக்கு முடிந்துபோகவில்லை, யாராவது நின்று கேட்கவேண்டியிருந்தது என்றுதான் எனக்குப் படுகிறது.

இப்போது என் கதை. போன வருடம் ஒரு நாள், வேலை தலைக்கு மேல் இருந்த நேரம். கூட வேலை பார்ப்பவர் ஒருவர் என் மேஜைப் பக்கம் வந்து நின்றார். கையில் தண்ணீர் பாட்டில், அதன் மூடியைத் திருகுவதும் திறப்பதுமாக இருந்தார். 'என்னங்க?' என்றேன், கண்ணைக் கம்ப்யூட்டரிலிருந்து எடுக்காமலே. 'சும்மாதான்' என்றார். மூடி இன்னும் இரண்டு தரம் திருகும் சத்தம் கேட்டது. அந்த வரியை அடித்து முடித்துத் தலையை நிமிர்த்தினேன், ஆளைக் காணோம். மனைவியின் பரிசோதனை முடிவு அன்று காலை வந்திருக்கிறது, நல்ல முடிவு இல்லை என்று இரண்டு நாள் கழித்து வேறு ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. உடனே 'ஜெபிக்கிறேன்' என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், கைகூப்பும் படத்தோடு. ஜெபித்தேன் என்பதும் உண்மைதான். ஆனால் அவர் என்னிடம் ஜெபம் கேட்டு வரவில்லையே.

சரி, அதற்காக யார் கூப்பிட்டாலும் ஓடவேண்டுமா? அப்படிச் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அதே மாற்கு முதல் அதிகாரத்தில், இருட்டோடு எழுந்து தனியாக ஜெபம் பண்ணப் போன இயேசுவை, சீஷனான சீமோன் தேடிப் பிடிக்கிறான். எல்லாரும் உம்மைத் தேடுகிறார்கள் என்கிறான். அவரோ, அடுத்த ஊர்களுக்குப் போவோம் என்கிறார்! எருசலேமின் பெதஸ்தா குளத்தருகே வியாதியஸ்தர்கள் கூட்டமாகக் கிடந்தார்கள், ஆனால் அவர் குணமாக்கியதாக யோவான் தன் சுவிசேஷத்தில் எழுதுவது 38 வருடம் வியாதியாயிருந்த ஒருவனை மட்டும். கூட்டத்தின் தேவை முழுவதையும் அவர் தோளில் சுமக்கவில்லை. எதிரே நின்ற ஆளை மட்டும் விட்டுவிடவில்லை. நம்மில் பலருக்கு இது தலைகீழ். உலகத்துக்கெல்லாம் பாரப்படுவோம், பக்கத்து நாற்காலிக்காரர் முகம் வாடியிருப்பது தெரியாது.

வீட்டுக்காரர்களை மறந்துவிட்டு வெளியே ஊழியம் ஊழியம் என்று அலைவதைப் பற்றித் தனியாகவே எழுதலாம். அதே முதல் அதிகாரத்தில் ஜெப ஆலயத்திலிருந்து நேரே சீமோன் வீட்டுக்குப் போய், காய்ச்சலில் கிடந்த அவன் மாமியாரைக் கையைப் பிடித்துத் தூக்கிவிடுகிறார். ஊரே வாசலில் கூடியது அன்று சாயங்காலம்தான். அவர் போய்ச் சேருமுன் இறந்துபோன யவீருவின் மகளை உயிரோடு எழுப்பிய பிறகும், அவளுக்குச் சாப்பிட ஏதாவது கொடுங்கள் என்கிறார். அற்புதத்தைப் பார்த்துப் பிரமித்துப்போய் நின்றவர்கள் நடுவே, பிள்ளைக்குப் பசிக்கும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

நான் ஒன்றும் திருந்தி முடித்துவிடவில்லை. இப்போதும் யாராவது வந்து நின்றால் முதலில் வருவது எரிச்சல்தான், அதற்கப்புறம்தான் மற்றதெல்லாம். அந்த நண்பரிடம் அப்புறம் ஒரு நாள் மன்னிப்புக் கேட்டேன். 'அதெல்லாம் ஒன்றுமில்லைங்க' என்றார். மனைவிக்குச் சிகிச்சை நடந்துகொண்டிருக்கிறது.

போன வாரம் மறுபடி என் மேஜைப் பக்கம் வந்தார். கையில் அதே பாட்டில். கம்ப்யூட்டரை மூடிவிட்டு நாற்காலியைத் திருப்பி உட்கார்ந்தேன். பழைய பைக்கை விற்றுவிடலாமா, வைத்துக்கொள்ளலாமா என்றுதான் பேசினார். இருபது நிமிடம்.