படபடத்தால் இருமினால் போதுமா? உண்மை விளக்கம்

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் காலையில் நடக்கிறவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: “உடற்பயிற்சி முடிந்து 5 நிமிடத்தில் நாடித்துடிப்பு 100-க்குக் கீழே இறங்காவிட்டால் அது மாரடைப்பு. உடனே பலமாக இருமிக்கொண்டே இருங்கள்.” இரண்டு பாதியும் தவறு.

நிமிடத்துக்கு 60 முதல் 100 துடிப்பு என்பது ஓய்வில் இருக்கும்போதுள்ள கணக்கு. வேகமாக ஓடியவருக்கு 5 நிமிடம் கழித்தும் 100-ஐத் தாண்டியிருப்பது சகஜம். அதிலும் நம்ம ஊர் மே மாதப் புழுக்கத்தில் வியர்வை சீக்கிரம் காயாது. உடம்பைக் குளிர்விக்கத் தோலுக்கு அதிக ரத்தம் போகவேண்டும், உடலில் நீரும் குறைந்திருக்கும். துடிப்பு இறங்கத் தாமதமாகத்தான் செய்யும். காந்தி சிலை வரை ஓடிவந்து சட்டென்று நின்றால் ரத்தம் கால்களில் தேங்கி, அழுத்தம் இறங்கி, கண் இருட்டும், குமட்டும். ஓட்டத்தை மெல்ல நடையாகக் குறைத்து முடித்தால் இது பெரும்பாலும் வராது. வந்துவிட்டால் படுத்துக் காலைத் தூக்கி வையுங்கள்.

இருமல் கதைக்கு வேர் ஒன்று உண்டு. மருத்துவமனையில், இசிஜி ஓடிக்கொண்டிருக்கும்போது, இதயத் துடிப்பின் தாளம் தப்பும் சில கோளாறுகளுக்கு மருத்துவரே இருமச் சொல்வார். பொதுமக்களுக்கு அதை அமெரிக்க இதயச் சங்கம் பரிந்துரைப்பதில்லை.

நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, உட்கார்ந்தும் அடங்காத மூச்சிரைப்பு, தாறுமாறான துடிப்பு, மயக்கம் இருந்தால் 108-ஐ அழையுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு நெஞ்சுவலி இல்லாமலும் மாரடைப்பு வரலாம். இந்த அறிகுறிகள் இருக்கும்போது நீங்களே பைக்கை எடுத்துக்கொண்டு ஜிப்மர் மருத்துவமனைக்குக் கிளம்பாதீர்கள்.