இரண்டு விநாடி மௌனம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் பதிவு செய்த நாதஸ்வரக் கச்சேரியை, அப்பா தம் பழைய காரில் கேட்கட்டுமே என்று ஐந்து எம்பி3 துண்டுகளாக வெட்டிச் சிடியில் எழுதினேன். ஆலாபனை உச்சியில் நிற்கும்போது, செம்பனை லாரிக்கு வழிவிட்டு ஒதுங்கியதைப் போல, வாத்தியம் இரண்டு விநாடி வாயடைத்து நின்றது. "நாயனக்காரருக்கு மூச்சு வாங்குதா?" என்றார் அப்பா.

மென்பொருள் பாடலுக்குப் பாடல் நிறுத்தி எழுதுவதே காரணம் என்றறிந்து, வட்டு முழுவதையும் ஒரே ஓட்டத்தில் எழுதும் முறைக்கு மாற்றி, இடைவெளியைச் சுழியமாக்கினேன். அப்போதும் இணைப்புதோறும் ஒரு விக்கல் மிஞ்சியது. எம்பி3 ஒலியை 1,152 மாதிரிகள் (ஒலியை நொடிக்குப் பல்லாயிரம் முறை அளந்த எண்கள்) கொண்ட கட்டங்களாகவே அடுக்குவதால், நிரம்பாத கட்டத்தில் மௌனத்தைத் திணிக்கிறது. தொடக்கத்திலும் சிறிது சேர்க்கிறது. சரி, ஒலியைச் சுருக்காத வேவ் கோப்பாக வெட்டலாம் என்றால், சிடியோ விநாடிக்கு 75 பகுதிகள், பகுதிக்கு 588 மாதிரிகள் என்று எண்ணுகிறது. அந்த எல்லையில் வெட்டாவிட்டால் மறுபடியும் நிரப்பு. இசை கேட்பவன் இந்தக் கணக்கையெல்லாம் ஏன் சுமக்க வேண்டும்?

வீணான நான்கு சிடிகள் கொய்யா மரத்தில் பறவை விரட்டுகின்றன. ஐந்தாவதில் கச்சேரி முழுவதையும் ஒரே பாடலாக எழுதிவிட்டேன். தவில் தனிக்குத் தாவ முடியவில்லை என்று அப்பா இப்போது குறைபடுகிறார்.