அல்லேலூயா: எப்போது பாடுவது, எப்போது விடுவது

தவக்காலம் வந்தால் பாடகர் குழுக்களில் தவறாமல் எழும் கேள்வி: மார்ச் 19, சூசையப்பர் பெருவிழாத் திருப்பலியில் நற்செய்தி வாசகத்துக்கு முன் பாடும் அல்லேலூயா உண்டா? கிடையாது. "'உன்னதங்களிலே' என்ற புகழ்கீதம் பாடுகிறோமே, இது மட்டும் ஏன் கூடாது?" என்பார்கள். உன்னதங்களிலே அந்த நாளின் தரத்தைப் பொறுத்தது. பெருவிழா, அதாவது மிக உயர்ந்த தரத்துத் திருநாள் என்றால் பாடலாம். அல்லேலூயா காலத்தைப் பொறுத்தது. தவக்காலம் தொடங்கியது முதல், உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தின இரவு நடக்கும் பாஸ்கா திருவிழிப்பு வரை எந்தத் திருப்பலியிலும் வராது. மார்ச் 25 மங்கள வார்த்தைத் திருநாள், பெரிய வியாழன் மாலைத் திருப்பலி, இடையில் வரும் அடக்கத் திருப்பலி எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். அதற்குப் பதில் கிறிஸ்துவைப் புகழும் வேறொரு வாழ்த்தொலி.

இது மேற்கத்தியத் திருச்சபை மரபின் வழக்கம். கீழைத் திருச்சபையின் பைசாந்திய வழிபாட்டில் தவக்கால வார நாள்களின் காலைச் செபத்தில்தான் அல்லேலூயா தனித்து ஒலிக்கும். ஆகவே "துக்க நாளில் சொல்லக்கூடாத சொல்" என்று மறைக்கல்வியில் சொல்லிக்கொடுப்பது எனக்கு உடன்பாடில்லை.

எபிரேயத்தில் 'ஹல்லேலூ' என்பது பலரைப் பார்த்துச் சொல்லும் ஏவல்: புகழுங்கள். 'யா' இறைப்பெயரின் சுருக்கம். திருப்பாடல்கள் 146 முதல் 150 வரை ஒவ்வொன்றும் இதில் தொடங்கி இதிலேயே முடியும். புதிய ஏற்பாட்டிலோ திருவெளிப்பாடு 19ஆம் அதிகாரத்தில் மட்டும், நான்கே முறை. பலரை நோக்கிய ஏவலை ஒருவர் ஒலிபெருக்கியில் தனியாகப் பாட, சபை வேடிக்கை பார்ப்பது என்ன முறை?

முறை எளிது. எல்லாரும் எழுந்து நிற்க, பாடகர் தொடங்குவார், சபை திரும்பப் பாடும். வாசக நூலில் அன்றைக்குக் கொடுத்துள்ள வசனத்தைப் பாடகர் மட்டும் பாடுவார். பிறகு மறுபடி எல்லாரும். கெடுவது எங்கே என்றால், அந்த வசனத்தை விட்டுவிட்டு, அல்லேலூயா என்ற சொல் வருகிறதே என்று ஏதோ ஒரு பாட்டை மூன்று சரணத்தோடு எடுப்பதில். குருவானவர் வாசக மேடையில் காத்து நிற்பார். பாட ஆளில்லையா? விட்டுவிடலாம், விதியே அனுமதிக்கிறது. சோர்ந்த குரலில் வாசித்துத் தள்ளுவதைவிட அது மேல்.

பாஸ்கா திருவிழிப்பில் திருமுகம் வாசித்து முடிந்ததும் குருவானவரே மூன்று முறை பாடித் தொடங்குவார், ஒவ்வொரு முறையும் சுருதியை ஏற்றி. முதல் தடவையே உச்சத்தில் எடுத்தால் மூன்றாவதில் சபைக்குக் குரல் எட்டாது; தாழ்வாகத் தொடங்குங்கள். திருப்பலி முடிவில் மக்களை அனுப்பும் பிரியாவிடையில் வரும் இரட்டை அல்லேலூயா எண்கிழமையோடு, அதாவது உயிர்ப்பு ஞாயிறு தொடங்கி எட்டு நாளோடு நின்றுவிடும். நடுவில் உள்ள ஞாயிறுகளுக்கு இல்லை. பெந்தகோஸ்து அன்று மறுபடியும் உண்டு.