மூன்று ஜோடி சாக்ஸ் போட்டால் கால் குளிராதா?

"ஸ்னோமொபைல் (பனிமேல் ஓடும் மோட்டார் வண்டி) ஓட்டும்போது மூன்று ஜோடி பருத்தி சாக்ஸ் போட்டு பூட்ஸை இறுக்கிக் கட்டுங்கள், கால் குளிராது" என்று ஒரு குறிப்பு சுற்றி வருகிறது. இது தவறு, ஆபத்தும்கூட.

காலுக்குச் சூடு தருவது ரத்த ஓட்டம். அந்தச் சூட்டைப் பிடித்து வைப்பது இழைகளுக்கிடையே தங்கும் காற்று. இறுக்கிக் கட்டினால் இரண்டும் குறையும். நடக்கும்போதாவது கால் சூடேறும், வண்டியில் அது அசையாமல் கிடக்கிறது. கனடாவின் குளிர்காற்றுக் கணக்குப்படி, மைனஸ் 20 டிகிரியில் 50 கி.மீ. வேகக் காற்று வெற்றுத் தோலுக்கு மைனஸ் 35 போல உறைக்கும். பருத்தியோ வியர்வையைக் குடித்து ஈரமாகவே இருக்கும்.

தடித்த மெரினோ கம்பளி சாக்ஸ் ஒரு ஜோடி, விரல்கள் தாராளமாக அசையும் நீர்புகாத பூட்ஸ்: இதுதான் சரி. பூட்ஸின் உள்ளுறையை இரவில் கழற்றிக் காயவையுங்கள். விரல் மரத்துப்போனால் உடனே நிறுத்தி, இறங்கி நடங்கள்.