ஜாதிக்காயும் ஒரு ஒப்பந்தமும்

"வாசனைப் பொருள் வாங்க வந்தவர்கள் மெல்ல நாட்டைப் பிடித்துக்கொண்டார்கள்." ஏகாதிபத்தியத்தின் தொடக்கம் பற்றிப் பள்ளியில் நாம் படித்தது ஏறக்குறைய இவ்வளவுதான். எனக்கு இந்த விளக்கம் போதவில்லை. அரபிகளும் குஜராத்திகளும் ஜாவாக்காரர்களும் நூற்றாண்டுகளாக அதையேதான் வாங்கினார்கள். விற்றவனின் ஊரை அவர்கள் அழிக்கவில்லையே?

பாண்டா தீவுகளைப் பாருங்கள். இன்றைய இந்தோனேசியாவின் கிழக்கில், வரைபடத்தில் தேடினாலும் சட்டென்று அகப்படாத சில சின்னத் தீவுகள். நாம் பிரியாணிக்குப் போடும் ஜாதிக்காயும் ஜாதிபத்திரியும் அப்போது உலகுக்கே அங்கிருந்துதான் போயின. அங்கே அரசன் கிடையாது. 'ஓராங் காயா' எனப்படும் ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி முடிவெடுப்பார்கள். அரிசியும் துணியும் வெளியிலிருந்து வந்தாக வேண்டும். அந்தத் துணியில் நம் சோழமண்டலக் கரையில் நெய்ததும் உண்டு.

1602இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி உருவானது. முதலீடு சுமார் 64 லட்சம் கில்டர் (டச்சு நாணயம்), எல்லாம் பங்குதாரர்களின் பணம். கோட்டை கட்டலாம், படை வைக்கலாம், ஒப்பந்தம் போடலாம் என்று அரசு சாசனமே எழுதிக் கொடுத்தது. ஒரு வியாபாரக் கம்பெனிக்கு! வேர் இங்கேதான் இருக்கிறது என்பேன். ஆம்ஸ்டர்டாமில் விலை இறங்காமல் இருக்க வேண்டுமானால் வேறு யாரும் வாங்கக் கூடாது. அதனால் 'எங்களுக்கு மட்டுமே விற்க வேண்டும்' என்று பாண்டாவில் ஒப்பந்தம் போட்டார்கள். ஆனால் தீவுக்குத் தேவையான அரிசியைக் கம்பெனி ஒழுங்காகக் கொண்டுவரவில்லை. மக்கள் சாப்பிட வேண்டுமே! ஜாவாக்காரருக்கும் ஆங்கிலேயருக்கும் விற்றார்கள். கம்பெனி அதை ஒப்பந்த மீறல் என்றது.

1609இல் டச்சுத் தளபதி வெர்ஹூவனைப் பாண்டா மக்கள் கொன்றார்கள். அதை மறைக்க வேண்டியதில்லை. வெர்ஹூவனின் அந்தக் கப்பல் பயணத்தில் உடன் வந்திருந்த கம்பெனிக்காரன் யான் பீட்டர்சூன் கூன், போரில்லாமல் வணிகம் இல்லை, வணிகமில்லாமல் போரும் இல்லை என்று 1614இல் தன் இயக்குநர்களுக்கு எழுதினான். 1621இல் அவனே கவர்னர் ஜெனரலாகப் படையோடு வந்து இறங்கினான். கம்பெனி கூலிக்கு அமர்த்திய ஜப்பானிய வீரர்களின் வாளுக்கு 44 ஓராங் காயாக்கள் இரையானார்கள். சுமார் 15,000 பேர் வாழ்ந்த தீவுகளில் மிஞ்சியவர்கள் ஆயிரம் பேர் அளவுக்குத்தான். மற்றவர்கள் வாளாலும் பசியாலும் செத்தார்கள், படகேறித் தப்பினார்கள், அடிமைகளாகப் பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) போனார்கள். அப்புறம் தோட்டங்களைப் பங்கு போட்டு டச்சுக்காரர்களுக்குக் கொடுத்து, வேறு இடங்களிலிருந்து அடிமைகளைக் கொண்டுவந்து இறக்கினார்கள்.

டச்சு அரசு நேரடியாக வந்தது மிகவும் பிந்தித்தான். 1799 இறுதியில் கம்பெனி கடனில் மூழ்கிக் கலைந்தபோது, அது பிடித்து வைத்திருந்த நிலங்கள் அரசின் கைக்குப் போயின.

தப்பியவர்களில் சிலர் பாண்டாவுக்குத் தென்கிழக்கே உள்ள கேய் தீவுகளில் கரையேறினார்கள். பாண்டா மொழி இன்று அங்கே, பாண்டா எலி, பாண்டா எலாட் என்ற இரண்டு ஊர்களில் பேசப்படுகிறது. பாண்டாவில் அந்த மொழி இல்லை.